புதுத் தண்ணீரில் சாகும் மீன்குஞ்சுகள்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்ற ஆண்டு புரட்டாசிக் கடைசியில், ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. முதல் அழைப்பு பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் ஒரு விவசாயியிடமிருந்து. கால் ஏக்கர் அளவுக்குப் பண்ணைக்குட்டை வெட்டி, அதில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டிருந்தார். "அம்மா, ரெண்டாவது தடவை விட்ட குஞ்சும் போச்சுங்க. முன்னால ஐந்நூறு, இப்ப ஐந்நூறு. இன்னொரு தடவை வாங்கணும்னா ஆட்டைத்தான் விக்கணும்" என்றார்.

இரண்டாவது அழைப்பு அரியலூர் நகரில் இருக்கும் என் அண்ணன் மகனிடமிருந்து. வீட்டில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் உப்புக் கலவை கரைத்து, சென்னையிலிருந்து கோமாளி மீன்களை வரவழைத்து வளர்க்கிறான். "அத்தை, புதுசா வாங்கற மீன் மட்டும் செத்துக்கிட்டே இருக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா ஒரு வாரம் தாண்ட மாட்டேங்குது" என்றான்.

ஒருவருக்கு வாழ்வாதாரம், இன்னொருவனுக்குப் பொழுதுபோக்கு. ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று உப்புத் தண்ணீர். ஆனால் இருவரும் சொன்ன குறை ஒன்றுதான். நான் உழவியல் படித்தவள். மீன் என் பாடமல்ல. ஆனாலும் இந்த இரண்டு வழக்கிலும் குற்றவாளி எனக்கு இருபது ஆண்டுப் பழக்கமுள்ளவன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் முதல் முறை அவனை நான் கோட்டைவிட்ட பிறகு.

எப்போது செத்தது?

மீன் செத்தால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன மருந்து போடலாம்?" என்பதுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. "விட்டு எவ்வளவு நேரம் கழித்துச் செத்தது? பகலிலா, விடியற்காலையிலா?" என்பதே. மீன்வளம் படித்த என் தோழி ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

விட்ட ஒரு மணி நேரத்துக்குள் குஞ்சுகள் சுழன்று, பக்கவாட்டில் சாய்ந்து சாகின்றன என்றால், தண்ணீரின் வெப்பமோ கார அமில நிலையோ திடீரென்று மாறிய அதிர்ச்சி, அல்லது குளோரின், பூச்சிமருந்து போன்ற நேரடி நஞ்சு. இரவு நன்றாக இருந்து விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெயில் ஏறியதும் மிச்சமிருப்பவை தெளிந்துவிட்டால் அது ஆக்சிஜன் குறைவு. மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகவோ ஒட்டுமொத்தமாகவோ செத்தால் அம்மோனியா அல்லது நைட்ரைட். இரண்டு மூன்று வாரம் கழித்து, உடம்பில் வெள்ளைப் புள்ளி, பஞ்சு, புண் என்று தொடங்கினால் நோய் அல்லது ஒட்டுண்ணி. செத்த மீன் ஒன்றுகூட மிதக்கவில்லை, ஆனால் அறுவடையின்போது மீனும் இல்லை என்றால், விரால், தண்ணீர்ப் பாம்பு, தவளை, நீர்க்காகம் எல்லோரையும் விசாரிக்க வேண்டும். காரைவெட்டி ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த எல்லைகள் கோடு போட்டது போலத் துல்லியமானவை அல்ல. ஆனால் பாதிக் காரணங்களை ஒரே கேள்வியில் ஒதுக்கிவிட இது போதும்.

முதல் ஐந்நூறு

வேப்பந்தட்டைக் குட்டையில் முதல் முறை நடந்தது எளிதில் புரிந்தது. மழை தாமதமானதால் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட்டுக் குட்டையை நிரப்பியிருக்கிறார்கள். மூன்றாவது நாளே நண்பகலில் குஞ்சுகள் வந்து இறங்கின. பையை அவிழ்த்து அப்படியே கொட்டிவிட்டார்கள். மறுநாள் விடியும்போது பெரும்பாலானவை செத்து மிதந்தன.

நம் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல நூறு அடி ஆழம் போகின்றன. அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் காற்றைப் பார்த்தே பல காலம் ஆகியிருக்கும். அதில் கரைந்த ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. கரியமில வாயு நிறைய இருக்கும். சில இடங்களில் இரும்பும், அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து வரும். குடிக்க நன்றாக இருக்கிறது என்பதால் மீனுக்கும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தத் தண்ணீரைக் குழாயிலிருந்து நேரே குட்டைக்குள் விடாமல், கல் அடுக்கின் மேலோ, துளை போட்ட தகரத்தின் மேலோ சிதறி விழும்படி செய்தால் கரியமில வாயு வெளியேறி ஆக்சிஜன் ஏறும். பிறகு இரண்டு மூன்று நாளாவது அசையாமல் விட வேண்டும். புதுக் குட்டையாக இருந்தால் அதற்கும் மேல்.

நண்பகலில் விட்டது இன்னொரு தவறு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் இயல்பாகக் கரைந்து நிற்கும். தண்ணீர் சூடாக ஆக அது குறையும். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். பைக்குள் இருந்த தண்ணீருக்கும் வெயிலில் காய்ந்த குட்டையின் மேல்மட்டத்துக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருந்தால் குஞ்சு தாங்காது.

நான் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னேன்: ஆக்சிஜன் குறைவு. அடுத்த முறை மாலையில் விடுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

இரண்டாவது ஐந்நூறு

அவர் நான் சொன்னபடியே செய்தார். பதினைந்து நாள் கழித்து வாங்கிய குஞ்சுகளை மாலையில் விட்டார். இரண்டு நாள் துள்ளி விளையாடின. மூன்றாம் நாள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரவு முழுக்க மோட்டார் ஓடியது. காலையில் எல்லாம் முடிந்திருந்தது.

மறுபடியும் ஆக்சிஜன் என்றுதான் நினைத்தேன். நேரில் போனபோது அவருடைய மனைவி ஒன்று சொன்னார். "காலையில நல்லாத்தாம்மா இருந்துச்சு. சாயங்காலம் மூணு மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தப்பதான் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துச்சு. போன்லயே சொன்னேனே."

சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

குட்டைத் தண்ணீர் நல்ல பச்சை நிறம். பச்சைத் தண்ணீரில் பாசி நுண்ணுயிர்கள் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். மாலை மூன்று மணி என்பது அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும் நேரம். விடியற்காலையில் திணறாத மீன் மாலையில் திணறுகிறது என்றால் தண்ணீரில் காற்று குறைவில்லை, மீனின் செவுளில்தான் கோளாறு. செவுளைச் சுடும் பொருள் ஏதோ மாலையில் அதிகமாகிறது.

எது என்று அறிய ஒரு எளிய சோதனை செய்தோம். இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். ஒன்றில் குட்டைத் தண்ணீர், இன்னொன்றில் பக்கத்துத் தோட்டத்துத் திறந்தவெளிக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் அண்ணன் மகனிடம் இரவல் வாங்கிய சிறிய காற்றூதிகளைப் போட்டு, பத்துப் பத்துக் குஞ்சுகளை விட்டோம். மறுநாள் காலை கிணற்றுத் தண்ணீரில் பத்தும் உயிரோடு இருந்தன. குட்டைத் தண்ணீரில் எட்டுச் செத்திருந்தன. இரண்டிலும் காற்று இருந்தது. இரண்டிலும் ஒரே பையிலிருந்து எடுத்த குஞ்சுகள். ஆகவே குஞ்சில் குறையில்லை, காற்றிலும் குறையில்லை. தண்ணீரில்தான் நஞ்சு.

சுண்ணாம்பும் கோழி எருவும்

கார அமில நிலையை அளந்தோம். விடியற்காலையில் 8.3. மாலை மூன்றரைக்கு 9.2. அம்மோனியா சோதனைக் கரைசல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டியது.

"என்ன அண்ணே போட்டீங்க?" என்று கேட்டேன். குட்டை வெட்டியதும் ஒரு மூட்டை நீற்றுச் சுண்ணாம்பு. பிறகு பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் ஈர எரு. முதல் முறை மீன் செத்ததும் கிருமி போகட்டும் என்று இன்னொரு மூட்டைச் சுண்ணாம்பு.

அவர் மீது தவறு சொல்ல முடியாது. மீன் வளர்ப்புத் துண்டறிக்கைகள் எல்லாவற்றிலும் "ஹெக்டேருக்கு இத்தனை கிலோ சுண்ணாம்பு" என்று ஒரு வரி இருக்கும். அது அமிலத்தன்மை உள்ள மண்ணுக்குப் பொருந்தும். பெரம்பலூர் கரிசல் மண்ணோ இயல்பிலேயே சுண்ணாம்புச் சத்துள்ள களர் சாயல் கொண்டது. அரியலூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம், அடியில் இருப்பதே சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகள் சும்மா வரவில்லை. இந்த மண்ணில், இந்தத் தண்ணீரில், அளந்து பார்க்காமல் சுண்ணாம்பு போடுவது உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்புப் போடுவதுதான்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். அம்மோனியம் சல்பேட் உரத்துடன் சுண்ணாம்பைக் கலக்கக் கூடாது என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கலந்தால் மூக்கைத் துளைக்கும் வாடையோடு தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அந்த ஆவிதான் அம்மோனியா. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அது மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இன்னொன்று அயனியாகாத அம்மோனியா. அது செவுள் வழியே நேராக இரத்தத்தில் நுழைந்துவிடும். எது எவ்வளவு என்பதைக் கார அமில நிலை தீர்மானிக்கிறது. 28 டிகிரி வெப்பத்தில், நிலை 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 என்றால் ஆறு, ஏழு விழுக்காடு. 9 என்றால் நாற்பது விழுக்காடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா உள்ள தண்ணீர் 7.5 நிலையில் இருந்தால் நச்சு வடிவம் 0.04 மில்லிகிராம், குஞ்சுகள் சமாளித்துவிடும். அதே தண்ணீர் 9 ஆனால் 0.8 மில்லிகிராம், கெண்டைக் குஞ்சு தாங்காது. ஒரு சொட்டு எருகூடப் புதிதாகச் சேரவில்லை, ஆனாலும் நஞ்சு இருபது மடங்கு கூடிவிட்டது. மாலையில் ஏன் என்பதும் இதில் விளங்கிவிடும். பச்சைப் பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் கார நிலை மாலையில் உச்சம் தொடும். இரவில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளிவிட, விடியற்காலையில் இறங்கும். எனவே கார நிலையை ஒரு வேளை மட்டும் அளப்பதில் பயனில்லை. காலை ஆறு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அளக்க வேண்டும்.

செவுள் வெந்துபோன மீனுக்கு இரவெல்லாம் காற்றில்லாத ஆழ்குழாய்த் தண்ணீரை விடச் சொன்னவள் நான். அது மிச்சமிருந்ததையும் முடித்திருக்கும். இதை அவரிடம் சொன்னேன். "சரி விடுங்கம்மா, அடுத்து என்ன பண்ணலாம்?" என்றார்.

கடைக்காரர் ஒருவர் அவரிடம் பத்துக் கிலோ சியோலைட் மாவைப் போடச் சொல்லியிருந்தார். கால் ஏக்கர் குட்டையில் ஐந்தடி தண்ணீர் நின்றால் சுமார் 15 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் மொத்தம் 3 கிலோ அம்மோனியா நைட்ரஜன். ஆறரைக் கிலோ யூரியாவில் இருக்கும் தழைச்சத்து. பத்துக் கிலோ மாவு அதில் மிகச் சிறு பங்கைத்தான் பிடிக்கும். அந்தக் காசு மிச்சம்.

உப்புத் தண்ணீர்த் தொட்டி

அரியலூர்த் தொட்டியில் சுண்ணாம்பும் இல்லை, கோழி எருவும் இல்லை. தண்ணீர் பளிங்கு போல இருந்தது. அதுதான் சிக்கல்.

யூரியா போட்டால் வயலில் என்ன நடக்கிறது என்று விவசாயிகளுக்குத் தெரியும். அது அம்மோனியம் ஆகிறது. மண்ணிலுள்ள ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றன. இந்த வேலை வேகமாக நடந்து தழைச்சத்து வீணாகாமல் இருக்கத்தான் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறோம். மீன் தொட்டியில் நமக்கு நேர் எதிரான தேவை. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. அதே நுண்ணுயிர்கள் அதை எவ்வளவு வேகமாக மாற்றுகின்றனவோ அவ்வளவு நல்லது. ஆனால் நேற்று வாங்கிய தொட்டியில், கழுவிய மணலில், வடிகட்டிய தண்ணீரில் அவை எங்கிருந்து வரும்? அவை மெல்லப் பெருகும் இனம். போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே தான் மூழ்கிச் சாகும். கண்ணாடி போன்ற தண்ணீரில் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. கடல் தண்ணீரின் இயல்பான கார நிலையே 8.1 முதல் 8.4 வரை என்பதால் அதன் நச்சும் நல்ல தண்ணீரைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மீன் இல்லாமலே தொட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கும் வரை காத்திருக்கச் சொன்னேன். "ஆறு வாரம் வெறும் தண்ணியைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா அத்தை?" என்றான். நெல் நாற்றங்காலில் ஒரு மாதம் காத்திருப்பவர்களின் வீட்டுப் பிள்ளை.

அவனுடைய தொட்டியில் இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. வாரத்துக்குப் பத்து லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அதை ஈடுகட்டப் புதிதாக உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றியிருக்கிறான். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு தொட்டியிலேயே நிற்கும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு 7 கிலோ. வாரம் 350 கிராம் கூடினால் நான்கு வாரத்தில் லிட்டருக்கு 42 கிராம் ஆகிவிடும். கடல் மீனின் உடம்பில் உள்ள உப்பு கடலைவிடக் குறைவு. அதனால் அதன் உடலிலிருந்து தண்ணீர் எந்நேரமும் வெளியே இழுக்கப்படுகிறது. கடல் நீரைக் குடித்துக் குடித்து உப்பை வெளியேற்றித்தான் அது உயிர் வாழ்கிறது. உப்பு மேலும் கூடினால் வேரடியில் யூரியாவைக் குவித்த செடி கருகுவதுபோலத்தான். ஆவியான அளவுக்கு உப்பில்லாத, குளோரின் இல்லாத நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தாலும் கடல் நீர் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் உப்பில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் ஒரு விகிதத்தில் இருக்கின்றன.

மற்றொரு குறை, பையைத் திறந்த விதம். சென்னையிலிருந்து இரவு முழுக்கப் பையில் பயணம் செய்த மீன் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்தே வெளியிட்டிருக்கும். கரியமில வாயுவால் பைத் தண்ணீரின் கார நிலை இறங்கியிருப்பதால் அந்த அம்மோனியா தீங்கில்லாத வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், கார நிலை ஏறும், அடங்கிக் கிடந்தது விழித்துக்கொள்ளும். இவனோ பையைத் திறந்து வைத்து, மீன் மெல்லப் பழகட்டும் என்று இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை விட்டிருக்கிறான். அன்பினால் கொன்றது என்றுதான் சொல்ல வேண்டும். நெடும்பயணம் வந்த பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்ய வேண்டும். திறந்த பிறகு தாமதிக்கக் கூடாது. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

இரண்டு மூன்று மணி நேரத்தில் பண்ணையிலிருந்து வந்துவிடும் கெண்டைக் குஞ்சுகளுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. மிதக்கவிட்டு, திறந்து, குட்டைத் தண்ணீரைக் கை கையாக அள்ளி விட்டு, பத்து நிமிடத்தில் பையைச் சாய்த்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். முதல் நாளே தீனியை நிறுத்தி வயிற்றைக் காலியாக்கிய குஞ்சுகளா என்று பண்ணையில் கேட்டு வாங்குவது நல்லது. வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள்ளேயே பையைக் கெடுத்துவிடும்.

கடல் அலங்கார மீன் வளர்க்க விரும்புவோருக்கு இன்னும் ஒன்று. பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படும் மீன்களைவிடப் பொரிப்பகத்தில் பிறந்தவை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை 1960-களிலிருந்து நடந்துவருகிறது. அப்படிப் பிடிபட்ட மீன் பார்க்க நன்றாக இருந்து சில நாட்களில் சாகும். நம்மிடமோ மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன் இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கின்றன. கடல் குதிரை, உயிர்ப் பவளம் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

தொட்டியில் அலங்காரத்துக்கு காரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்றை வைத்திருந்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலமே கடலாக இருந்தது என்று பள்ளியில் படித்ததை எனக்கே ஒப்பித்தான். கடல் மீனுக்கு அந்தக் கல்லால் கெடுதல் இல்லை. ஆனால் நத்தைக் கூடு பதிந்த புதைபடிவக் கல்லை எடுத்துவருவது சரியல்ல, திருப்பிக் கொண்டுபோய் வை என்றேன்.

மக்காச்சோளத்துக்கு அடித்த மருந்து

வேப்பந்தட்டையில் வாளிச் சோதனையின்போது எனக்கு முதலில் வந்த சந்தேகம் அம்மோனியா அல்ல, பூச்சிமருந்துதான். 2018-ல் படைப்புழு வந்தபிறகு மக்காச்சோளத்தில் தெளிப்பு கூடிவிட்டது. பருத்திக்கும் குறைவில்லை. சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் போன்ற மருந்துகள் பாலூட்டிகளைவிட மீனைப் பல மடங்கு கடுமையாகத் தாக்கும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம், அதாவது நூறு கோடி பங்குத் தண்ணீரில் சில பங்கு, மீனைக் கொல்லப் போதும். 25 ஈ.சி. சைபர்மெத்ரின் 20 மி.லி. 15 லட்சம் லிட்டர் குட்டையில் முழுதும் கலந்தால் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் வரும். தெளிப்பானைக் குட்டையில் கழுவினாலோ, காலி பாட்டிலைக் கரையில் எறிந்தாலோ, தெளித்த மறுநாள் மழைத் தண்ணீர் வயலிலிருந்து இறங்கினாலோ இந்த அளவு எளிதில் சேர்ந்துவிடும்.

மருந்தினால் சாகும்போது மீனோடு தவளைக் குஞ்சு, நீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும். அங்கே நீர்ப்பூச்சிகள் மேல்பரப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் சந்தேகத்தை மாற்றினேன். வயலையொட்டிய குட்டைக்குச் சுற்றிலும் ஓரடிக் கரை போட்டு, தெளித்த வயலின் முதல் மழைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுவது அவசியம்.

மூன்றாவது முறை

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. குட்டையில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை வயலுக்கு இறைத்துவிட்டு மழைத் தண்ணீரைச் சேரவிட்டோம். அம்மோனியா கலந்த அந்தத் தண்ணீர் மக்காச்சோளத்துக்கு உரம்தான், வீணில்லை. எருவும் சுண்ணாம்பும் முற்றாக நிறுத்தம். மூன்று வாரம் எதுவும் செய்யவில்லை. மாலை அளவு 8.4-க்கு இறங்கியது, அம்மோனியா கால் மில்லிகிராமுக்கும் கீழே வந்தது.

ஆட்டை விற்ற காசு கையில் இருந்தது. முழுவதையும் ஒரே நாளில் மீனாக்க வேண்டாம் என்றேன். முதலில் 25 குஞ்சுகள் மட்டும். கொசுவலையில் தைத்த பெட்டி போன்ற ஹாப்பாவை நான்கு குச்சியில் கட்டிக் குட்டைக்குள் இறக்கி, அதில் விட்டோம். 24 மணி நேரம் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூன்றாம் நாளில் சூடுபட்டவர்கள் நாங்கள். நான்கு நாள் வைத்திருந்தோம். ஒன்றுதான் செத்தது. பிறகு லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, விரல் நீளமுள்ள 400 குஞ்சுகளை மாலை ஆறு மணிக்கு விட்டோம். உப்பு முக்கல், பயணத்தில் பட்ட காயங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும், உடம்பில் ஒட்டிவரும் சில ஒட்டுண்ணிகள் உதிரவும் உதவும். குஞ்சு சாயத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

புது ஆட்டைச் சந்தையிலிருந்து வாங்கிவந்தால் ஆட்டுக்கொல்லி நோய்க்குப் பயந்து சில நாள் தனியே கட்டுகிறோம். புது மீனை மட்டும் பழைய மீன்களோடு நேரே கொட்டிவிடுகிறோம். அண்ணன் மகனின் தொட்டியில் ஆறு வாரக் காத்திருப்புக்குப் பின் விட்ட கோமாளி மீன் ஒன்று நன்றாகத் தேறியது. மகிழ்ச்சியில் இன்னொரு மீனை வாங்கி நேரே அதோடு விட்டான். பன்னிரண்டாம் நாள் இரண்டின் துடுப்பிலும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கடல் மீன்களின் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி அது. ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. இப்போது தனித்தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். புது மீன் நான்கு வாரம் அதில்தான்.

வேப்பந்தட்டைக் குட்டையில் வைகாசியில் வலை இழுத்தபோது கட்லா சில அரைக் கிலோவைத் தொட்டிருந்தன. மிர்கால் அதில் பாதிகூட இல்லை. விற்ற ஆட்டின் விலை வந்துவிட்டது. முதல் ஆயிரம் குஞ்சுகளின் காசு இன்னும் வரவில்லை.

தண்ணீரின் கார அமில நிலை, உவர்ப்பு ஆகியவற்றை அறிய பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரம், அரியலூர் மாவட்டத்தார் சோழமாதேவி வேளாண் அறிவியல் மையங்களை அணுகலாம். அம்மோனியாவை மட்டும் குட்டைக் கரையிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து மறுநாள் கொண்டுபோனால் அளவு மாறிவிடும். வண்ண அட்டையோடு வரும் சொட்டுக் கரைசல் சோதனைப் பெட்டி அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. நான்கைந்து குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

அந்த விவசாயியின் மனைவி இப்போது நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் காலை ஆறு மணி அளவையும் மாலை மூன்று மணி அளவையும் எழுதிவைக்கிறார். போன வாரம் கூப்பிட்டு, மாலை அளவு 8.9 ஆகிவிட்டது என்றார். சாணம் கரைத்து ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள் என்றேன். முந்தின நாளே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.